சமதளம் என்று நான் சொன்ன பதினான்கு மைல்

ரயில் பாதை சமதளமானது என்று உலக மக்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். இது தவறு. மிகுந்த பொறுப்புணர்ச்சியோடும் ஓரளவு முழங்கால் வலியோடும் இதை மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன். ரயிலுக்கு ஏற்றம் பிடிக்காது என்பது உண்மைதான். அதற்காக மலைகள் விலகி வழிவிட்டதாகச் சரித்திரம் இல்லை. நூறு அடிக்கு ஓர் அடி உயர்ந்தால் எஞ்சின் முணுமுணுக்காமல் ஏறிவிடும்; பார்க்கிற கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அதே விகிதத்தில் பதினான்கு மைல் போனால் எழுநூற்று முப்பத்தொன்பது அடி. அதாவது எழுபது மாடிக் கட்டடம் ஒன்றை யாரோ நைசாகச் சாய்த்து வைத்து, மேலே பொடிச் சரளை தூவி, ‘குடும்பத்தோடு வருவதற்கு ஏற்றது’ என்று பலகை நட்டிருக்கிறார்கள்.

இந்த உண்மை எனக்கு முன்பே தெரியும். என் மனைவி கயலுக்குத் தெரியாது என்று நினைத்தேன். கதை அவ்வளவுதான். இருந்தாலும் விவரமாகச் சொல்கிறேன். விவரமாகச் சொல்வது என் சுபாவம். கயல் அதை வியாதி என்பாள்.

நியூ ஜெர்சியில் எடிசனுக்கு நாங்கள் வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு சனிக்கிழமை. ஐம்பத்திரண்டும் கயல் கையில். தமிழ்ப் பள்ளி, பிறந்தநாள், சீமந்தம், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு போகிற பாட்லக், கோயில், கிரகப்பிரவேசம். போன மாதம் ஓர் அரங்கேற்றத்தில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “ஆடறது யாரு?” என்று கேட்டேன்.

“தெரியலீங்க.”

“அப்புறம் எதுக்கு வந்தோம்?”

“நம்ம வெண்பா பர்த்டேக்கு அவங்க வந்தாங்கல்ல?”

அன்று இரண்டாவது வர்ணத்தின்போது ஒரு தீர்மானம் எடுத்தேன். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையாவது எனக்குச் சொந்தமாக வேண்டும். சுதந்திரப் போராட்டங்கள் இதைவிடச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் தொடங்கியிருக்கின்றன.

“மாசத்துல ஒரு சனிக்கிழமை எனக்குக் குடு கயல்.”

“எதுக்குங்க?”

“சைக்கிள் ஓட்ட.”

“கராஜ்ல நாலு வருஷமா ரெண்டு தொங்குதே, அதையா?”

“அதையேதான்.”

“சிலந்தி சம்மதிக்குமுங்களா?”

பேச்சுவார்த்தை இரண்டு நாள் நீடித்தது. கயல் ஒரு மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். ஒரு மாத்திரை மீது சந்தேகம் வந்தால் ஒரு லாரி மாத்திரையைத் திருப்பி அனுப்புகிற உத்தியோகம். கடைசியில் நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

“ஒரு சனிக்கிழமை ட்ரையல். நானும் கூட வர்றேன். எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னா மாசம் ஒண்ணு உங்களுக்கு. எதாச்சும் கோல்மால் பண்ணுனீங்க, ஜென்மத்துக்கும் அரங்கேற்றந்தான்.”

நான் இருபது வருஷமாக ப்ராஜெக்ட் மேனேஜர். கோல்மாலுக்கும் திட்டமிடலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். ஸ்லைடு போட்டுவிட்டால் அது திட்டமிடல். ஏழு ஸ்லைடு போட்டேன்.

எடிசனிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் பண்ணைகளும் குதிரைகளும் உள்ள வேறொரு நியூ ஜெர்சி வரும். அங்கே ஓர் ஆற்றங்கரையில் பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு சைக்கிளுக்கு விட்டுவிட்டார்கள். ஒரு கோடியில் ஐஸ்கிரீம் கடை உள்ள ஊர். மறு கோடியில் பழைய ஸ்டேஷன் உள்ள ஊர். முதலாவதைக் கீழூர் என்றும் இரண்டாவதை மேலூர் என்றும் வைத்துக்கொள்வோம். கயலிடம் இந்தப் பெயர்களை நான் உபயோகிக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

திட்டம் எளிது. இருப்பது ஒரு மினிவேன். காலையில் கயல் கீழூரிலிருந்து மேலூருக்கு ஓட்டுவாள். நான் வேனில் போய்க் காத்திருப்பேன். சாப்பாடு. பிறகு நான் மேலூரிலிருந்து கீழூருக்கு ஓட்டுவேன். அவள் வேனில் வருவாள். ஆளுக்குப் பதினான்கு மைல். சரிபாதி. நீதி தேவதை எங்கள் டைனிங் டேபிளில் வந்து உட்கார்ந்து ஐந்தாவது ஸ்லைடைப் பாராட்டியிருப்பாள். ஏற்றம் பற்றிய வரைபடம் முதலில் அந்த ஸ்லைடில்தான் இருந்தது. எழுத்து சின்னதாகிவிடுகிறதே என்று அதை எடுத்துவிட்டேன்.

“காலைக் குளுமையை உனக்கே குடுத்திருக்கேன். வெயில்ல நான் ஓட்டிக்கறேன்” என்றேன்.

கயல் என்னைப் பார்த்தாள். மாத்திரையைப் பார்க்கிற பார்வை.

“மேடு பள்ளம் எப்படிங்க?”

“ரயில் போன பாதைம்மா. ரயில் மேடு ஏறுமா? தோசைக்கல்லு மாதிரி சமதளம்.”

“ஊட்டி ரயில் ஏறுதுங்களே.”

“அது பல்சக்கரம். அது தனி டிபார்ட்மெண்ட்.”

பதின்மூன்று வயது வெண்பா போனிலிருந்து தலை நிமிராமலே, “தட் சவுண்ட்ஸ் சஸ்பிஷியஸ், அப்பா” என்றாள். அன்றைக்கே அவளைத் தோழி வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன். தணிக்கை அதிகாரி ஒருவர் போதும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை. மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகத் தாம்பூலத் தட்டு மாதிரி இருந்தது. எட்டரைக்குக் கயலைக் கீழூரில் இறக்கிவிட்டேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுப் போனாள். நான் வேனில் இருபது நிமிஷத்தில் மேலூர் போய்ச் சேர்ந்து, காபி வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு சனிக்கிழமையில் யாரும் என்னை எதையும் தூக்கச் சொல்லாமல் காபி குடிப்பது வெண்பா பிறந்த பிறகு இதுதான் முதல் தடவை.

கயல் பதினொன்றுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

“எப்படி இருந்தது?”

“அருமைங்க. நீங்க சொன்ன மாதிரியே சமதளம்.”

“களைப்பா இருக்குமே?”

“சமதளத்துல என்னங்க களைப்பு?”

அந்தச் சமயம் பார்த்து வெள்ளைத் தாடி வைத்த ஓர் அமெரிக்கப் பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, “கீழேயிருந்து ஏறியா வந்தாள் உங்கள் மனைவி? கில்லாடி!” என்று ஆங்கிலத்தில் என்னைப் பாராட்டினார். நல்லவேளை, கயல் வேனுக்குள் தலையை விட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். பெரியவரிடம் இன்று வானிலை மிக நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பிவைத்தேன்.

அரிசிம்பருப்பு சாதமும் அப்பளமும். கயலுக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டவனுக்கு உடனே வருவது தூக்கம். ஆனால் எனக்கு உற்சாகம் வந்தது. இனி பதினான்கு மைல் இறக்கம். மிதிக்க வேண்டாம். உட்கார்ந்தால் போதும். நாற்காலிக்குச் சக்கரம் வைத்தது மாதிரி.

“ஏனுங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

என் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. இறக்கத்தையும் அவளே கேட்கப்போகிறாள். சமதளம்தானே, எந்தப் பக்கம் ஓட்டினால் என்ன என்றால் நான் என்ன பதில் சொல்வேன்?

“கேளும்மா.”

“கல்யாணமாகிப் பதினேழு வருஷத்துல ரெண்டு பேரும் சேந்து சைக்கிள்ல போனதே இல்லீங்க. நானும் கூட வரட்டுங்களா?”

எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு உணர்ச்சி வந்தது. ஒன்று, நெகிழ்ச்சி. இரண்டு, தப்பித்த நிம்மதி. “இதுக்கெல்லாம் பர்மிஷன் கேக்கணுமா?” என்றேன். இரண்டாவது சைக்கிளையும் இறக்கினேன். வேனைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டேன்.

அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். பெடலில் கால் சும்மா இருந்தது. பக்கத்திலேயே ஆறு, நாங்கள் போன பக்கமே, எங்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு ஓடியது. இரும்புப் பாலத்தில் கயல் மணியடித்தாள், நானும் அடித்தேன். நான் ரயில்வேயின் சரிவுக் கணக்குகளைப் பற்றி, முக்கியமான கணக்கை மட்டும் விட்டுவிட்டு, விளக்கினேன். அவள் ஐந்து மைலுக்கு “அப்படீங்களா” என்றாள். வீட்டில் அரை நிமிஷத்துக்கு மேல் சொன்னதில்லை. நெடுஞ்செழியனாகிய எனக்கு இனிமேல் வருஷத்துக்குப் பன்னிரண்டு சனிக்கிழமை என்று மனசுக்குள் பட்டயம் எழுதிவிட்டேன்.

கீழூர். ஐஸ்கிரீம் கடை. அவளுக்கு ஸ்ட்ராபெரி, எனக்குப் பிஸ்தா. பாதிப் பிஸ்தாவில் கயல் கேட்டாள்:

“சாவி இருக்குதுங்களா?”

“இதோ பத்திரமா இருக்கு.”

“வேன் எங்கீங்க?”

இருபது வருஷமாக ப்ராஜெக்ட் மேனேஜர் என்று முன்பே சொன்னேன். மூன்று கண்டங்களில் ஆட்களை வேலை வாங்கியவன். பிஸ்தா என் மணிக்கட்டில் உருகி வழிந்தது.

“மேல...” என்று ஆரம்பித்து, “அந்தப் பக்கம் இருக்கு” என்று முடித்தேன்.

“அடடா. யாராச்சும் போய் எடுத்துட்டு வரணுமே.”

போனில் வாடகைக் கார் தேடினேன். அருகில் கார் எதுவும் இல்லை என்றது. தூரத்தில் உண்டா என்று கேட்டேன், அதற்கும் இல்லை. ஐஸ்கிரீம் கடைக்காரி, இங்கே டாக்சி வேண்டுமென்றால் நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்றாள்.

“கயல், நீதான் நல்லா ஓட்டறே...”

“நான் காலைலயே ஒருக்கா போயாச்சுங்களே. உங்களுக்கு என்னங்க, பதினாலு மைல். இப்ப வந்தீங்கல்ல ஒன்னேகால் மணி நேரத்துல? அதே நேரம்தான் ஆகும். சமதளந்தானே?”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அரிச்சந்திரனாக ஒரு நிமிஷம் யோசித்தேன். சொன்னால் கோல்மால் நிரூபணமாகிவிடும். பன்னிரண்டு சனிக்கிழமையும் போகும். கண் முன்னால் அரங்கேற்றங்கள் வரிசையாக நின்று சலங்கை கட்டிக்கொண்டிருந்தன.

“சமதளம்தான்” என்றேன். ஹெல்மெட்டை எடுத்தேன்.

கயல் பெஞ்சில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு போனைத் திறந்தாள்.

முதல் மைலில் நான் கண்ணியமாக இருந்தேன். மூன்றாவது மைலில் ஒரு பாட்டியம்மாள் என்னைத் தாண்டிப் போனார். ஐந்தாவது மைலில் அவருடைய நாய் தாண்டியது. நான் கணக்கில் இருபத்தைந்தாவது மாடியில் இருந்தபோது கால் ஐம்பதாவது மாடியில் இருப்பதாகச் சொன்னது. இறங்கித் தள்ளினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்குச் சுற்றிப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது. அப்போதுதான் ஆற்றைப் பார்த்தேன்.

ஆறு எனக்கு எதிராக வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல், சந்தேகத்துக்கு இடமில்லாமல், கல்லுக்குக் கல் இறங்கி இறங்கி. பதினான்கு மைலும் இப்படித்தான் வந்திருக்கும். காலையிலும்.

வேனை எடுத்துக்கொண்டு கீழூர் வந்து சேர்ந்தபோது மணி ஆறு. கயல் அதே பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் மூன்று காலிக் கப்புகள். சைக்கிளைத் தூக்கி மாட்ட எனக்குக் கை வரவில்லை. அவளே மாட்டினாள். அவளே ஓட்டினாள். நெடுஞ்சாலை வந்ததும் கேட்டேன்.

“எப்பத் தெரியும்?”

“எதுங்க?”

“கயல்.”

“ரெண்டாவது மைல்லயே தெரியுமுங்க. தண்ணி எதுக்கால வந்துச்சு. தண்ணி மேட்டுக்கு ஓடுமுங்களா? வாய்க்கால் மடை திறக்கற சின்னப் புள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.”

நான் வில்லிவாக்கத்தில் வளர்ந்தவன். எங்களுக்குத் தண்ணீர் லாரியில் வரும். லாரி எந்தப் பக்கத்திலிருந்தும் வரும்.

“அங்கயே ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தா எட்டாவது ஸ்லைடு போட்டிருப்பீங்க.”

“வேன் அங்கயே நிக்கும்னு மத்தியானமே தெரியுமா?”

“சாவி உங்க பையில இருந்துச்சு. ப்ராஜெக்ட் மேனேஜர்கிட்டப் போயி நான் சொல்லிக் குடுக்கறதுங்களா?”

கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சனிக்கிழமை?”

“உங்களுக்குத்தானுங்க. மாசாமாசம். எல்லாம் ஒழுங்காத்தானே நடந்துச்சு? கோல்மால் ஒண்ணும் நடக்கலீங்களே?”

“இல்ல.”

“சமதளந்தானே?”

“சமதளம்தான்.”

“அப்பச் சரி. நானும் கூட வர்றேன், எனக்கும் பிடிச்சுப் போச்சு. இனிமே காலைக் குளுமையில நீங்க ஓட்டுங்க. வெயில்ல நான் பாத்துக்கறேன்.”

திங்கட்கிழமை ஆபீஸில், நின்றுகொண்டே வேலை செய்கிற உயர மேசை கேட்டு விண்ணப்பம் போட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘முதுகெலும்பின் நீண்டகால நலம்’ என்று எழுதினேன். நான் நடந்து வந்ததைப் பார்த்த மேலாளர், அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.