கொறட்டுக்காரரும் என் கடை போர்டும்

ஏற்காட்டில் கொறட்டுக்காரரிடம் திட்டு வாங்காதவர் ஒருவரும் இல்லை. அப்படி யாராவது இருந்தால் அவரிடம் ஒரு முழம் கம்பிகூட இல்லை என்று அர்த்தம்.

நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் இப்போது கம்பி வெட்டும் குறடு; பெயரும் அதனால் வந்ததுதான். காலை பஸ்ஸில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் வந்து இறங்குவார். மரத்தில் கம்பி சுற்றியிருந்தால் கேள்வியே கிடையாது, வெட்டிவிடுவார். ஒருமுறை கல்யாண பேனர் மாப்பிள்ளை தலையிலேயே விழுந்தது. இன்னொருமுறை லாட்ஜில் காயப்போட்ட அத்தனை போர்வையும் சேற்றில்.

அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். வாயில் 'ங்க' பெருகினால் ஊரே ஒதுங்கிக்கொள்ளும்.

என் காப்பிக் கடை வாசலில் நானே நட்ட சில்வர் ஓக் ஒன்று உண்டு. கன்றாக இருந்தபோதே நெஞ்சு உயரத்தில் கடை போர்டைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். மூன்றாம் வருஷம் அது அவர் கண்ணில் பட்டது.

"ஏனுங்க, இதைக் கட்டுனது யாருங்க?"

"நாந்தானுங்க. மரம் வளர வளர போர்டும் மேல போயிருமில்லீங்க? பஸ்ல வர்றவங்களுக்குத் தெரியும்."

அவர் முகம் சிவந்தது. குறடு கம்பியைக் கவ்வியது.

"மரம் என்ன லிஃப்டுங்களா? ஒசரமா வளர்றதெல்லாம் நுனியிலதானுங்க! இங்க கட்டுனது நூறு வருசமானாலும் இங்கயேதானுங்க இருக்குமுங்க!"

"அதுக்கு ஏனுங்க வெட்டறீங்க?"

"அடிமரம் தடிக்குமில்லீங்க? பட்டைக்கு உள்ளாற வருசா வருசம் புதுசா சுத்து வெக்குதுங்க. உங்க கம்பி தடிக்குமுங்களா? பொறந்தப்ப கட்டுன அரணாக்கயித்தை இன்னும் மாத்தாம இருந்தா நீங்க என்னங்க ஆவீங்க?"

கம்பிக்கு மேலே மரம் புடைத்திருந்தது. செழிப்பு என்றல்லவா நான் பூரித்துக்கொண்டிருந்தேன்!

"எலை செய்யற சோறு பட்டை வழியாத்தானுங்க வேருக்கு எறங்கோணும். இங்கயே தேங்கி நிக்குதுங்க. வேரு பட்டினிங்க! மரம் சாகப்போகுதுங்க!"

போர்டு விழுந்து மூலை உடைந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன்: "இனிமே என் கடைப் பக்கமே வராதீங்க!"

"உங்களைப் பாக்கவாங்க வர்றேன்?"

அதன்பிறகு தினமும் வந்தார். பட்டைக்குள் புதைந்த கம்பியைத் துண்டு துண்டாக உருவி எடுத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தைப் பார்ப்பார், போய்விடுவார். மழைக்காலம் முடிந்தபோது இலையெல்லாம் பழுத்து நின்ற மரம் புதுத் துளிர் விட்டது. நான் நன்றி சொல்லவில்லை. வீம்புதான்.

இந்த வருஷம் மூன்று வாரமாக ஆளைக் காணோம். முட்டி வலி, வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்றார் பஸ் கண்டக்டர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. திட்ட வேண்டிய மனுஷன் வீட்டில் உட்கார்ந்துகொண்டால் எப்படி?

"கடைக்காரன் மறுபடியும் மரத்துல கம்பி கட்டிட்டான்னு மட்டும் அவருகிட்ட சொல்லிருங்க" என்றேன்.

மறுநாள் முதல் பஸ். நொண்டிக்கொண்டே இறங்கினார், கையில் குறடு.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் அறிவே வராதுங்களா..."

மரத்தில் கை வைத்தார். கம்பி இல்லை, நூல். அதுவும் உள்ளங்கை நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று கட்டியிருந்தேன். நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குறடு பைக்குள் போனது. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சக்கரை இல்லாம ஒரு காப்பி குடு கண்ணு."

ஒரு 'ங்க' கூட இல்லை. காப்பி போட உள்ளே போன நான் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.