நாலாவது ஓட்டை

பந்து ஞானி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் அந்தப் பவுலிங் கூடத்தில் பந்து உருட்டுகிறவர்களைவிடப் பந்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எட்டுத் தடங்களில் ஆறு காலி. தடத்தின் கோடியில் பத்துக் கட்டைகளும் சாய்க்க ஆளில்லாமல் காலையிலிருந்து சும்மா நின்றன. வரிசை மட்டும் காலணி வாடகைக் கவுன்டரைச் சுற்றி, கழிப்பறை வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி நின்றது. கழிப்பறைக்குப் போனவர்கள்கூட இதுதான் வரிசை என்று நினைத்து நின்றுவிட்டு, பிறகு ஞானம் பெற்றுத் திரும்பினார்கள்.

ஞானியிடம் மூன்று பொருள்கள் இருந்தன. ஒரு தராசு. ஒரு துளைபோடும் இயந்திரம். அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம். அந்தப் புத்தகத்திலிருந்து அவர் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து விடுவார். டாப் வெயிட். ஃபிங்கர் வெயிட். நெகட்டிவ் சைடு வெயிட். கேட்டவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காததால் அது பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். விளங்கியிருந்தால் யார் மதிக்கப்போகிறார்கள்?

பந்தில் பிடித்த பீடைக்கு அவர் செய்யும் வைத்தியம் இப்படி. பந்தின் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது, ஞானி உட்பட. அவர் மனக்கண்ணால் பார்த்துக்கொள்வார். ஆகவே சொந்தக்காரரே பக்கத்து அறையில் பந்தைக் கறுப்பு வெல்வெட் உறைக்குள் போட்டு, மூன்று விரல் ஓட்டைகளுக்கு நேரே சுருக்குக் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கொண்டுவர வேண்டும். தராசில் வைப்பார். முள் இடது ஓரத்துச் சிவப்புப் பக்கம் சாயும். “நெகட்டிவ் வெயிட்” என்று ஞானி கண்ணை மூடுவார். கூட்டம் உச்சுக்கொட்டும். உறையோடு சேர்த்து நாலாவதாக ஓர் ஓட்டை போடுவார். மறுபடி தராசு. இப்போது முள் வலது ஓரத்துப் பச்சைப் பக்கம். பீடை போயிற்று. கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். கூடத்தின் மேலாளர் எல்லாருக்கும் முன்னால் கும்பிடுவார், கட்டணத்தில் அவருக்குப் பாதிப் பங்கு.

இதையெல்லாம் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் அந்தக் கூடத்து மெக்கானிக். சாய்ந்த கட்டைகளைத் தூக்கி நிறுத்தும் இயந்திரங்களின் சொந்தக்காரி அவள்தான் என்று சொல்ல வேண்டும், சம்பளம் மட்டும் வேறொருவர் கொடுத்தார். பிசுக்குத் துணியும் ஸ்பானருமாகப் பதினொரு வருடம். யார் எங்கே கும்பிட்டால் எனக்கென்ன என்றுதான் இருந்தாள். அவளுடைய சொந்த அக்காவே வரிசையில் நிற்கும்வரை.

அக்காவுக்குச் சலவை நிலையத்தில் வேலை. சலவை நிலைய அணிக்குக் கடைசிப் பந்து போடுகிறவள் அவள்தான். அன்று மாலை நாலு மணிக்கு பஸ் டிப்போ அணியோடு இறுதிப் போட்டி. மூன்று வாரத்துக்கு முன்னால் ஞானி அவள் பந்தைத் தராசில் வைத்து, இந்தப் பந்து ஒருநாள் உன் மணிக்கட்டை முறித்துப்போடும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா பந்தைத் தொடவில்லை. ஒன்றுமில்லாத கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அலைந்தாள். இன்று ஓட்டை போட நாள் குறித்திருந்தார் ஞானி.

அந்த ஓட்டைதான் வில்லங்கம். போட்டி விதிப்படி மூன்று ஓட்டைக்கு மேல் இருந்தால் பந்து செல்லாது. பந்து செல்லாவிட்டால் அக்கா ஆட முடியாது. அக்கா இல்லாவிட்டால் சலவை நிலையம் அம்பேல். மெக்கானிக் அக்காவைக் குளிர்பான இயந்திரத்துக்குப் பின்னால் இழுத்துப்போய், விதிப்புத்தகத்தையே விரித்துக் காட்டினாள்.

“கை போச்சுன்னா விதிப்புத்தகமாடி வந்து துணி மடிக்கும்?” என்றாள் அக்கா.

“கை ஏன் போகப் போகுது? அந்த ஆள் வெச்சிருக்கறது என்ன புத்தகம்னு தெரியுமா உனக்கு? பந்துக் கடையோட அம்பது வருஷத்துப் பழைய விலைப்பட்டியல். அதே புத்தகத்துல இன்னொண்ணைத்தான் அஞ்சாம் தடத்து மெஷின் ஆடாம இருக்கக் காலுக்கு அடியில கொடுத்திருக்கேன்.”

அதைப் படித்திருக்கிறாளா என்று அக்கா கேட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்க அங்கே வேறு என்ன இருந்தது? எல்லாவற்றையும் படித்திருந்தாள். அந்தக் காலத்தில் பந்துக்குள் மேல் பக்கமாக ஒரு கனமான கட்டியை வைத்து அடைப்பார்கள். விரலுக்கு ஓட்டை போட்டதும் ஏதோ ஒரு பக்கம் இம்மியளவு கனம் கூடிப்போகும். வலப்பக்கம் கூடினால் பாசிட்டிவ், இடப்பக்கம் கூடினால் நெகட்டிவ். கடைக்காரர்கள் அடையாளத்துக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். கூடின கனத்தைச் சரிக்கட்ட இன்னொரு ஓட்டையும் போடுவார்களாம், அன்றைக்கு அது செல்லும். இன்றைக்குப் பந்தும் மாறிவிட்டது, விதியும் மாறிவிட்டது, சொல் மட்டும் மிச்சம்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, “அப்புறம் ஏன் முள்ளு சிவப்புக்குப் போகுது?” என்றாள்.

நியாயமான கேள்வி. மெக்கானிக் தன் இயந்திரக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஞானியின் முதுகுப் பக்கமிருந்து ஒரு மணி நேரம் பார்த்தாள். எதிரே நின்ற கூட்டம் ஞானியின் மூடிய கண்ணைப் பார்த்தது. இவள் அவர் கையைப் பார்த்தாள். முதல் தடவை வைக்கும்போது உறையின் முடிச்சு, அதாவது ஓட்டைகளால் கனம் குறைந்த இடம், வலப்பக்கம். ஓட்டை போட்ட பிறகு வைக்கும்போது முடிச்சு இடப்பக்கம். பத்துப் பந்துக்கும் அதே கதை. அடப்பாவி, இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

உடனே எதிர்ப் பழக்கடைக்குப் போனாள். பந்து அளவுக்கு உருண்டையாக ஒரு தர்பூசணி வாங்கினாள். மூன்று விரலுக்கு ஆழமாக ஓட்டை தோண்டி, டேப் ஒட்டி அடைத்தாள். வெல்வெட் உறைக்குள் போட்டு, ஓட்டைக்கு நேரே முடிச்சுப் போட்டு, அக்காவின் இடத்தில் தானே போய் நின்றாள். அக்கா தன் பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு பின்னால் நின்று, இவள் என்ன கூத்து அடிக்கப்போகிறாள் என்று முறைத்தாள்.

ஞானி உறையை வாங்கித் தராசில் வைத்தார். முள் சிவப்புக்குச் சாய்ந்தது. கண்ணை மூடினார்.

“ரொம்ப அனுபவப்பட்ட பந்தும்மா இது. இருபது வருஷம் ஆடின பந்து. இதுக்கு முன்னால வெச்சிருந்தவர் பெரிய கோபக்காரர்.”

பழக்கடைக்காரர் உண்மையிலேயே கோபக்காரர்தான். அந்த ஒன்றில் ஞானி சொன்னது பலித்தது.

“நாலாவது ஓட்டை போட்டாச் சரியாயிடுங்களா?” என்று மெக்கானிக் பவ்யமாகக் கேட்டாள்.

ஞானி இயந்திரத்தை முடுக்கினார். வழக்கமாகக் கீச்சென்று பல் கூசும் சத்தம் வரும். இந்தத் தடவை சளக்கென்றது. துளையூசி பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. அடுத்த நொடி சிவப்பாக ஒரு பீச்சல் அவருடைய வெள்ளைச் சட்டையிலும் மேலாளரின் மூக்குக் கண்ணாடியிலும் அடித்தது.

பந்து ரத்தம் கக்குகிறது என்று யாரோ கத்தினார்கள். ஓர் அம்மாள் மயங்கி விழப் பார்த்து, பின்னால் நாற்காலி இல்லாததைக் கண்டு மனதை மாற்றிக்கொண்டார். ஆனால் ஞானியை லேசாக எடை போடக் கூடாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பீடை திரவமாக வெளியேறுகிறது, யாரும் பயப்பட வேண்டாம் என்று அறிவித்தார். கூட்டம் மறுபடி கையெடுத்தது. சட்டையில் ஒட்டியிருந்த கறுப்பு விதைகளைப் பார்த்த பிறகும் கையெடுத்தது.

மெக்கானிக் முடிச்சை அவிழ்த்தாள். பச்சைத் தோல் தெரிந்தது.

 கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற குமாஸ்தா, தொண்டையைக் கனைத்தார்.

“பழமாவே இருக்கட்டும்மா. அதுக்கும் நெகட்டிவ் இருந்துச்சே, முள்ளு காட்டுச்சே?”

“காட்டுச்சு சார். இப்ப பாருங்க” என்று மெக்கானிக் பழத்தைத் திருப்பி வைத்தாள். முள் பச்சைக்குப் போனது. மறுபடி திருப்பினாள். சிவப்பு. “ஒரு பக்கம் கனமா இருக்கற எதை வெச்சாலும் இப்படித்தான் சார் ஆடும். எந்தப் பக்கம் திருப்பியிருக்குன்னு தெரியாம இருக்கத்தான் இந்த உறை.”

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். உறையும் கிடையாது, ஒன்றும் கிடையாது, தன் பந்தைத் தானே தராசில் வைத்தாள். சிவப்பு. திருப்பினாள். பச்சை. நம்பாமல் இன்னும் நாலு தடவை திருப்பினாள். பிறகு கைக்கட்டைச் சரசரவென்று அவிழ்த்து ஞானியின் மடியில் போட்டாள்.

“மூணு வாரம்யா. மூணு வாரமா இந்தக் கையால ஒரு தம்ளரைத் தூக்கப் பயந்தேன்” என்றாள்.

ஞானி தனக்கு அவசரமாக ஒரு வெளியூர்ப் பயணம் இருப்பதாகச் சொன்னார். நாலு ஓட்டைக்காரர்கள் அவரைப் போகவிடுவதாக இல்லை. ஓட்டையை அடைத்துக் கொடு என்று அத்தனை பேரும் பந்தோடு நெருங்கினார்கள். ஏழு கிலோப் பந்துகளுக்கு நடுவில் நிற்கும்போது மனக்கண் அவ்வளவாக உதவாது. மேலாளர் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அலுவலக அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு அக்கா மூன்று ஓட்டைப் பந்தோடு ஆடினாள். மூன்று வாரம் பழகாத கை, முதல் இரண்டு பந்தும் ஓரப் பள்ளத்தில் விழுந்து உருண்டன. கடைசிப் பந்துக்குப் பத்துக் கட்டையும் சாய்ந்தது. சலவை நிலையம் இரண்டு புள்ளியில் ஜெயித்தது. மணிக்கட்டு முறியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு மெக்கானிக் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குமாஸ்தா மெதுவாகப் பக்கத்தில் வந்தார். பக்கத்துத் தெருவில் ஒருவர் செருப்புத் தேய்மானத்தைப் பார்த்து ஆயுசு சொல்கிறாராம், அதாவது நிஜமாக இருக்குமா என்று கேட்டார்.

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கும்பிட ரெண்டு கை வேணும் சார். உறையை அவுத்துப் பார்க்க ஒரு கை போதும். மூணு வாரமா இங்க நூறு பேர் நின்னீங்க, ஒரு கை நீளலையே.”