கொடி ரோஜாவும் என் முதல் வகுப்புத் தெலுங்கும்

தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் செடியை எழுதுவார்கள், மண்ணை எழுதுவார்கள், உரத்தை எழுதுவார்கள். தண்ணீர் ஊற்றுகிறவளை மட்டும் விட்டுவிடுவார்கள். என் வீட்டில் அவள் பெயர் குப்பம்மாள்.

அன்றைய வேலை இவ்வளவுதான்: வீட்டுப் பின்சுவருக்கு ஒரு கொடி ரோஜா வாங்க வேண்டும்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எங்கள் நகரிப் பக்கம் யாருக்குச் சேரும் என்று பெரிய மனிதர்கள் வரைபடத்தை விரித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்த காலம். நான் பெண்கள் பள்ளி ஆசிரியை. சென்னையில் பி.ஏ. படித்தவள். உத்தியோகத்துக்குத் தெலுங்கு வேண்டும் என்றார்கள். சித்தூருக்குப் போய்த் தேர்வு எழுதினேன். முதல் வகுப்பு! அன்றிலிருந்து, தமிழ் தெரிந்தவர்களைக்கூடத் தெலுங்கில் பேசித் துன்புறுத்தி வந்தேன்.

என் பின்சுவர் பாதி இடிந்தது. நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. அதன் வழியாகத்தான் குப்பம்மாளும் அவள் தெருப் பெண்கள் எட்டுப் பேரும் வந்து என் கிணற்றில் தண்ணீர் எடுப்பார்கள். ஊர்ப் பொதுக்கிணற்றில் அவர்கள் வாளி விடக் கூடாது. காரணம் சாதி. ஊர் அதை ‘வழக்கம்’ என்று நாகரிகமாகச் சொல்லும்.

இடிந்த சுவரை மறைக்க முதலில் முல்லை வைத்தேன். ஆடு தின்றது. பிறகு ஒட்டு ரோஜா. அது மருந்து, உரம், நிழல், வெயில் என்று நாளுக்கொன்றாகக் கேட்டு, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பிறகு செத்தது.

“இன்னொரு செடியா?” என்றாள் குப்பம்மாள், இடுப்பில் குடத்தோடு. “யம்மா, நானு உனுக்கு எறைப்பேனா, என் ஊட்டுக்கு எத்துக்கினு போவேனா, இதுக்கு ஊத்திக்கினு கெடப்பேனா? தண்ணி கேக்காத செடியா ஒண்ணு பாரு. இல்லாங்காட்டி நானு நின்னுடுவேன்.”

அவள் நின்றுவிட்டால் என் வீட்டில் உலை ஏறாது. ஆகவே பராமரிப்பே கேட்காத ரோஜாவாகத் தேட முடிவு செய்தேன்.

எங்கள் ஊரில் திருப்பதிச் சாமான் எது வேண்டுமானாலும் பஸ் கண்டக்டர் நாதமுனியிடம் சீட்டுக் கொடுத்தால் போதும். மருந்தோ, மூக்குக் கண்ணாடியோ, கல்யாணப் புடவையோ, மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கிவிடும்.

“தமிள்லயே எழுதிக் குடுங்க டீச்சரம்மா” என்றார் நாதமுனி.

நான் எழுதுவேனா? முதல் வகுப்பு ஆயிற்றே!

அழகான தெலுங்கில் எழுதினேன்: ‘குலாபி முள்ள தீக, ஒன்று. சுவர் நெடுக ஓட வேண்டும். தண்ணீர் கேட்கக் கூடாது. பூச்சி அரிக்கக் கூடாது. ஆடு வாய் வைக்கக் கூடாது. பத்து வருஷம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் நிற்க வேண்டும். பின்சுவர் இடைவெளியில் இறக்கவும்.’

குலாபி என்றால் ரோஜா. முள்ளு, முள்தான். தீக என்றால் கொடி. ஆக, முள்ளுள்ள ரோஜாக் கொடி! என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாதமுனி சீட்டைப் படித்தார். தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி படித்தார்.

“குலாபியேதான் வேணுமா டீச்சரம்மா?”

“குலாபியேதான்.”

“கெடைக்கறது கஷ்டமாச்சே.”

“திருப்பதியில கிடைக்காத குலாபியா? நல்லாத் தேடுங்க!”

மறுநாள் மாலை பள்ளியிலிருந்து வந்தால், வீட்டுப் பின்னால் பத்து இருபது பேர் நிற்கிறார்கள். விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இடைவெளியை அடைத்துக்கொண்டு, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு முள்கம்பிச் சுருள். அதன்மேல் ஒரு சின்ன டப்பா.

பக்கத்தில் நாதமுனி, வியர்த்து வழிந்துகொண்டு.

“நாலு கடை ஏறி எறங்கிட்டேன் டீச்சரம்மா. குலாபி கலர்ல முள்ளுக்கம்பி எங்கியுமே இல்ல. கடைக்காரன் சிரிக்கிறான். அதான் சாதாக் கம்பியா எத்துக்கினு, பெயிண்டு டப்பா தனியா வாங்கியாந்தேன். நீங்களே பூசிக்கங்க.”

அப்போதுதான் என் மூளைக்கு வெளிச்சம் வந்தது. தெலுங்கில் தீக என்றால் கொடியும்தான், கம்பியும்தான். முள்ள தீக என்றால் முள்கம்பி. குலாபி என்றால் பூவும்தான், அதன் நிறமும்தான். தண்ணீர் கேட்காது, பூச்சி அரிக்காது, ஆடு வாய் வைக்காது. நான் போட்ட நிபந்தனை ஒவ்வொன்றையும் அந்தக் கம்பி நிறைவேற்றியிருந்தது. தேர்வில்கூட நான் இவ்வளவு துல்லியமாக எழுதியதில்லை!

அதற்குள் கூட்டம் வேறு தீர்மானத்துக்கு வந்துவிட்டது.

“எல்லை இப்டிக்காதான் போவுதாமே?”

“ஆமாமா. ஊடும் கெணறும் மெட்ராஸு, பின்தெரு ஆந்திராவாம்.”

“அப்ப குப்பம்மா தண்ணி எடுக்க வரணும்னா பர்மிட்டு வாங்கணுமா?”

எதிர்வீட்டு ராஜம்மாள் மட்டும் மனமார வாழ்த்தினாள். “இப்பவாச்சும் புத்தி வந்துச்சே! கண்ட ஜனமும் பூந்து வந்துக்கினு இருந்துச்சு. நல்லா இழுத்துக் கட்டும்மா!”

அந்த வாழ்த்தைக் கேட்டதும் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தேன். வழக்கமாக அந்நேரம் கிணற்றடியில் குடத்தோடு குடம் இடிக்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. சமையலறைக்கு ஓடினேன். குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள் குப்பம்மாள்.

கம்பிச் சுருளைத் தாண்டினேன். புடவைத் தலைப்பு முள்ளில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. கிழிந்த தலைப்போடு குப்பம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றேன். காலிக் குடங்களோடு எல்லாப் பெண்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

“குப்பம்மா, அது வேலி இல்ல. ரோஜா.”

“ரோஜாவா? உன் ரோஜா என் காலைக் கிழிச்சிக்கீது, பாரு.”

“தீகன்னா தெலுங்குல ரெண்டு அர்த்தம். கொடின்னும் சொல்லலாம், கம்பின்னும் சொல்லலாம். நான் என்ன நெனச்சேன்னா...”

“கேட்டுக்கங்கடி!” என்றாள் ஒருத்தி. “டீச்சரம்மா கொடின்னு எழுதினா கம்பி வருது. சோறுன்னு எழுதினா இன்னா வருமோ!”

எல்லோரும் சிரித்தார்கள். குப்பம்மாள் சிரிக்கவில்லை.

“உனுக்குத் தெலுகு வந்துச்சு, எங்குளுக்குத் தண்ணி போச்சு. இன்னிக்கி நீ தப்பா எழுதிட்ட, செரி. நாளைக்கி நீ ஊட்ட வித்துட்டுப் போயிட்டா? வர்றவன் நெசமாவே எழுதுவான். அப்ப நாங்க எந்தக் கெணத்துக்குப் போறது?”

கிழிந்த தலைப்பைச் செருகிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். வாயாடி என்று மூன்று ஊரில் பெயரெடுத்தவள், அன்று கேள்வி கேட்க மட்டும் வாயைத் திறந்தேன்.

“இப்ப என்ன செய்யணும், சொல்லு.”

“எழுதினதாலதானே வந்துச்சு? எழுதியே குடு. இந்த வழிய மூடக்கூடாது, அந்தக் கெணத்துல நாங்க எறைக்கலாம்னு. தமிள்ல எழுது. தெலுகுல எழுதினா மறுபடி இன்னா வந்து எறங்குமோ!”

மறுநாள் முத்திரைத்தாளில் எழுதினேன். குப்பம்மாள் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். “நாங்கன்னா யாரு யாரு?” என்று கேட்டு ஒன்பது பெயரையும் எழுதவைத்தாள். பிறகு பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்னாள். பிள்ளைகளுக்குப் பிறக்கப் போகும் பிள்ளைகளையும் சேர்க்கச் சொன்னாள். சென்னையில் எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் எவரும் என் வாக்கியங்களில் இத்தனை ஓட்டை கண்டுபிடித்ததில்லை. விஷயம் தெரிந்ததும் ராஜம்மாள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அது நான் கேட்காமல் கிடைத்த லாபம்.

கம்பியை நாதமுனி திரும்ப எடுத்துப் போனார். அடுத்த வாரம் நானே திருப்பதிக்குப் போய், நாற்றுத் தோட்டத்தில் எந்த மொழியும் பேசாமல், சுவரேறி நின்ற ஒரு கொடியை விரலால் காட்டினேன். கொத்துக் கொத்தாகச் சிறிய வெள்ளைப் பூ.

“இது நாட்டு வகைம்மா” என்றார் தோட்டக்காரர். “வேர் புடிக்கற வரிக்கும் ஊத்துங்க. அப்புறம் அதும்பாட்டுக்குப் போவும்.”

போயிற்று.

எல்லையும் ஒருவாறு முடிவானது. நாங்கள் ஆந்திரத்திலேயே நின்றோம். ஆனால் குப்பம்மாள், அந்தத் தாள் கைக்கு வந்த மாதமே என் வீட்டு வேலையை விட்டுவிட்டாள். இத்தனை காலமும் அவள் எனக்கு இறைத்துக் கொட்டியது என் குணத்துக்காக என்று நான் நம்பியிருந்தேன். இல்லை, கிணற்றுக்காக!

நகரியில் ஒரு தறிக் கொட்டகையில் நூல் சுற்றப் போனாள். சில வருஷத்தில் அங்கேயே மேஸ்திரி ஆனாள். தண்ணீருக்கு வரும்போது என்னிடம் நலம் விசாரிப்பாள். நின்று பேச நேரமில்லை என்பாள்.