லைன்மேன் வீட்டு கரண்ட்

"தொடாத! நான் டெஸ்ட் பண்ணாம அதை உன் மேல ஒட்ட விடமாட்டேன்!"

ரிட்டயர்டு லைன்மேன் போட்ட சத்தத்தில் மனைவி கையை இழுத்துக்கொண்டாள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்த மெஷின் கட்டிலில் கிடந்தது. இதயம் பலவீனமானவர்களால் ஓடியாடிப் பயிற்சி செய்ய முடியாது. தொடையில் பட்டையை ஒட்டி லேசாகக் கரண்ட் விட்டால் சதை தானே வேலை செய்து வலுப்படுமாம்.

"மூச்சு வாங்குதுன்னு சொன்னேன், கொடுத்தாங்க."

அவருக்கும் அதே டாக்டர், அதே வியாதிதான். ஆனால் அவருக்கு மாத்திரையோடு சரி. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

பட்டையைத் தன் தொடையில் ஒட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினார். சதை துள்ளியது.

"லீக் ஆகுது!"

"பேட்டரிங்க அது."

"பேட்டரின்னா என்ன? கரண்டு கரண்டுதான்!"

மறுநாள் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு டெஸ்ட் செய்தார். அப்போதும் துள்ளியது. அளவைக் குறைத்து அரை மணி நேரம் பார்த்தார். அதற்குள் அவள், "இன்னிக்கு அலுப்பா இருக்கு, நாளைக்கு வச்சுக்கறேன்" என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

அடுத்து, தொடை முடியெல்லாம் அப்பியதில் பட்டையின் பசை போயிற்று. இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். டேப் சுற்றியதை டெஸ்ட் செய்யாமல் விடலாமா? அதற்கு ஒரு வாரம் போயிற்று. பிறகு பேட்டரி தீர்ந்தது. புதுசு போட்டார். புதுசு என்றால் வேகம் அதிகம் இருக்குமே! மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இப்படியே செக்கப் நாள் வந்துவிட்டது. அவள் தொடையில் பட்டை ஒரு தடவைகூடப் படவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில்தான் அவருக்கு உறைத்தது. வராந்தாவில் அவளை நடக்கவிட்டுப் பார்ப்பார்களாம். பாவி நான், அவள் வைத்தியத்தை நானே தின்றுவிட்டேனே! மனைவி லிஃப்டுக்குக் காத்திருக்க, இவர் படிகளில் விழுந்தடித்து ஏறி மூன்றாம் மாடிக்குப் போய், பிசியோதெரபிப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அவளை நடக்கச் சொல்லாதீங்க. தப்பெல்லாம் என்னுது. டெஸ்ட் பண்றேன்னு தினமும் நானே வச்சுக்கிட்டேன். அவ உசுரு என்னால..." அழுதே விட்டார்.

அந்தப் பெண் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அவர் மூச்சு வாங்காமல் ஏறி வந்த படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அவங்களுக்கு ஒரு வியாதியும் இல்லீங்க ஐயா. மெஷின் உங்களுக்கு எழுதினது. 'அவருக்குன்னு சொன்னா கிட்டவே போகமாட்டாரு, எனக்குன்னு சொன்னா தினமும் தன் மேல வச்சு டெஸ்ட் பண்ணுவாரு'ன்னு அம்மாதான் வாங்கிட்டுப் போனாங்க."