போத்தல்காரரின் பாதி டேங்க்

கார்த்திகை, முதல் திங்கள்: போத்தல்காரர் தம் பழைய மோட்டார் சைக்கிளில் தாய்லாந்திலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினார். செவ்வாய்: நெஞ்சுவலி; மலைக்குக் கீழே ஈப்போ நகர மருத்துவமனை. தை, இரண்டாம் வெள்ளி: காலமானார். மோட்டார் சைக்கிள் ஓடவில்லை.

உலகில் எல்லோரையும் நம்பி, பெட்ரோலை மட்டும் நம்பாத ஒரே மனிதர் அவர். தேயிலை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். சட்டைப் பையில் கோடு கிழித்த சிறு போத்தல். கோடுவரை தண்ணீர், மேலே பெட்ரோல், குலுக்கி நிறுத்துவார். தண்ணீர் கோட்டைத் தாண்டினால் எத்தனால் கலந்திருக்கிறது. அக்கலப்பு பழைய வண்டியின் ரப்பர்க் குழாயை உப்பவைக்கும். மலைப்பனியின் ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்கச் செய்யும். கல்யாண வீட்டு மோரைக்கூடக் குலுக்கி வெளிச்சத்தில் பார்த்தவர் அவர்.

ஒருமுறை பிரிஞ்சாங் பெட்ரோல் நிலையத்தில், பின்னால் நின்ற காய்கறி லோரிக்காரர் கத்தினார்:

"அண்ணே, எண்ண போடுறீங்களா, பால் காய்ச்சுறீங்களா? கோஸு வாடுது லா!"

"வாடுன கோஸ சாம்பார்ல போடலாம். ஓட்ட டேங்க எதுல போடுவ?"

அந்தக் கடைசிப் பயணத்தில், தாய்லாந்தில் தண்ணீர் கோட்டைத் தாண்டியது. வேறு பெட்ரோல் கிடைக்கவில்லை. திரும்பியதும் டேங்கிலிருந்து வடித்து இறக்கிவிடலாமென்று நிரப்பிக்கொண்டார். மறுநாளே படுத்துவிட்டார். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து, தோட்டப் பள்ளி ஆசிரியரான என்னிடம் சொன்னார்:

"வாத்தியாரே, அந்த எண்ண பாதி டேங்கு கெடக்கு. பனிக்காலம். எறக்கிடுங்க லா."

"இன்றைக்கே செய்கிறேன்" என்றேன்.

தினமும் பேருந்தில் ஈப்போவுக்கு இறங்கி, அவர் கட்டிலருகே அமர்ந்துவிட்டு, இருட்டும் வேளையில் மலையேறினேன். டேங்க் வேலை ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போயிற்று.

தை பிறந்ததும் கேட்டார்: "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி, போன்ல சத்தத்த கேக்க வைங்க."

உதைத்தேன். என் செருப்புதான் பறந்தது. உப்பிய குழாயிலிருந்து பழுப்பு நீர் சொட்டியது. வேறு வழியின்றிப் பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளை இயக்கி, கைப்பேசியைப் புகைக்குழாயருகே பிடித்தேன்.

நெடுநேரம் கேட்டார்.

"நல்லா ஓடுது வாத்தியாரே."

பிறகு மெல்ல, "பக்கத்து வீட்டுக்காரன செயினுக்கு எண்ண போடச் சொல்லுங்க."

அதன்பின் டேங்கைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

இன்னும் செய்யாதவை:

டேங்கிலிருக்கும் பெட்ரோலை இறக்குவது.

ரப்பர்க் குழாயை மாற்றுவது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் செயினைப் பற்றிச் சொல்வது.

போத்தலில் கோடுவரை அவர் ஊற்றிவைத்த தண்ணீரைக் கொட்டுவது. இதை நாளைக்கும் செய்யமாட்டேன்.