ஒரே பார்வையில் படிப்பவர்

படிக்கத் தெரிந்தவர் உண்டு, தெரியாதவர் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு, கவனித்திருக்கிறீர்களா? ஒரே பார்வையில் படிப்பவர்! கண் எழுத்தைத் தொடுவதற்குள் அவர் மனசு அர்த்தத்தை எழுதி முடித்துவிடும். ஆள்குறைப்பு வதந்தி உலவும் வாரத்தில், அலுவலகக் குளிர்பெட்டியில் 'இன்று பனி நீக்கம்' என்று ஒட்டியிருந்தால், 'பணி நீக்கம்' என்று படித்து, வேர்த்து, நாற்காலியில் சாய்ந்து, மேசையைக் காலிசெய்யவும் தொடங்கிவிடுவார்.

என் மாடிவீட்டுக்காரர் அந்த இனம். தொழில் நில அளவை. ஓர் அங்குலம் பிசகினாலும் திரும்ப அளப்பார். எழுத்தை மட்டும் அளப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை, கொலைப்பசியோடு வீடு திரும்பியவர், லிஃப்ட் அருகே அறிவிப்பைப் பார்த்தார். 'நாளை காலை கூடத்தில் அனைவருக்கும் மருந்து. குடும்பத்துடன் வெறும் வயிற்றில் வரவும்.' குடும்பம், வெறும் வயிறு, அனைவரும்! இத்தனை சொற்கள் சுற்றி நின்றால் நடுவில் இருப்பது விருந்தாகத்தானே இருக்க வேண்டும்?

"நாளைக்குச் சமைக்காதே. கூடத்துல விருந்து!"

மனைவி விடவில்லை. "அப்போ எங்க அண்ணனையும் கூப்பிடுவேன். ரெண்டு வருஷமாச்சு."

இவருக்கு முகம் சுருங்கியது. ஏதோ சின்ன மனஸ்தாபம் இருந்த சமயத்தில், புதுவீட்டு விசேஷத்துக்கு 'வரவேண்டாம்' என்று செய்தி அனுப்பியவர் அந்த மச்சான். அன்றோடு பேச்சு நின்றது. ஆனாலும் தலையாட்டினார்.

மறுநாள் இரண்டு குடும்பமும் சலவைத்துணியில், வாடிய வயிற்றோடு கூடத்துக்குள் நுழைந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு நர்ஸ், ஒரு கரண்டி.

"வாங்க, வாயைத் திறங்க. பூச்சி மருந்து."

மச்சான் அறிவிப்பைத் திரும்பப் போய்ப் படித்தார். "மாப்பிள்ளை, என் மெசேஜையும் இப்படித்தான் படிச்சீங்களா?"

"வரவேண்டாம்னு நீங்கதானே..."

மனைவி அவர் கைபேசியைப் பிடுங்கி, பழைய செய்தியைத் தேடி, எழுத்தெழுத்தாக வாசித்தாள். "அவசியம் வர-வேண்-டும்."

நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான், நான்..."

"மூடாதீங்க வாயை," என்று அவர் வாயருகே கரண்டியை நீட்டினாள் நர்ஸ். அவ்வளவுதான், மச்சான் சிரித்த சிரிப்பில் கரண்டி தட்டி மருந்து சட்டையெல்லாம் தெறித்தது.

சரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படிக்கும்போதே ஒரு முகம் தோன்றியிருக்குமே? சித்தப்பாவோ, மேலாளரோ? 'அட, மூக்கும் முழியும் அப்படியே அவர்தான்' என்றுகூடத் தோன்றியிருக்கும்.

மூக்கைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை, ஐயா. அது யார் எழுதியது?