கத்தியை முக்கச் சொன்ன கதை

திங்கட்கிழமை காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மர்சூக் முக்கால் மணி நேரம் பேசி முடித்தபோது, எதிரே நின்ற முப்பது றப்பர்ப் பால்வெட்டுக்காரர்களும் வாயைப் பிளந்தபடி நின்றார்கள்.

"வெளங்கிச்சா?"

"ரொம்ப நல்லா வெளங்கிச்சுங்க," என்றார் கங்காணி இராமையா. "என்னா செய்யணும்னுதான் தெரியல."

மர்சூக் கேகாலைப் புடவைக்கடைக்காரர் மகன். தெரணியகலைப் பக்கத்து றப்பர் ஆராய்ச்சிக்கூடத்தில் பூதக்கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தால் அவர் ராஜா. நாலு பேருக்கு முன்னால் நின்றாலோ, பேச்சை எங்கே நிறுத்துவதென்று பாவம், மனிதருக்குத் தெரியாது.

மூன்று வருட ஆராய்ச்சியின் முடிவு ஒரே வரிதான். ஒவ்வொரு மரத்தையும் வெட்டுமுன் கத்தியை மருந்துத் தண்ணீரில் முக்கினால் பட்டை அழுகல் பரவாது.

"வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். அவர்கள் முக்கினால் வெளிவேலைக்கு நீர்தான் தலைவர். இல்லாவிட்டால் பழையபடி போத்தல் கழுவ வேண்டியதுதான்," என்று ஆராய்ச்சித் துரை சொல்லி அனுப்பியிருந்தார். பக்கத்தில் இருக்கிறதே என்றுதான் இந்தத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இங்கே மட்டும் நோய் குறைவு. ஏனென்று ஆராய்ச்சிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை ஆட்களின் இடுப்பில் தொங்கிய தகர டப்பாக்களில் ஆஸ்பத்திரி வாசம் அடித்தது. மனப்பாடம் செய்த பேச்சு மறந்துவிடுமே என்று மர்சூக் விசாரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒருவரும் கத்தியை முக்கவில்லை. அந்த டப்பாக்களைக்கூடக் காணோம்.

"கிருமிங்கிறது கண்ணுக்குத் தெரியாது. மரத்துக்கு மரம் தாவும்," என்று எளிமையாக விளக்கினார் மர்சூக்.

சாயங்காலமே இராமையா பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டிவந்துவிட்டார். மலை முழுக்க உடுக்குச் சத்தம்!

பேயில்லை என்று காட்ட, புதன்கிழமை பூதக்கண்ணாடியையே தூக்கிக்கொண்டு வந்தார் மர்சூக். முதலில் குனிந்தவள் பால்வெட்டுகிற மூக்காயி.

"ஆத்தாடி! உள்ளுக்கு ஒரு காடே மொளைச்சிருக்குதுங்களே!"

மர்சூக்கும் குனிந்தார். வெள்ளி நூலாய்க் கிளை கிளையாய்ப் படர்ந்து கிடந்தது பூஞ்சணம். ஆயிரம் தடவை பார்த்ததுதான், ஆனாலும் மேல் சிலிர்த்தது.

"சுப்ஹானல்லாஹ்!" என்றார் தன்னை மறந்து.

பிறகென்ன, லயக் குடியிருப்புச் சனம் முழுக்க வரிசையில் நின்றது. அன்று ஒரு மரத்திலும் பால் இறங்கவில்லை. தோட்டத் துரை குதித்த குதியில் தொப்பியே கழன்று விழுந்தது.

வியாழக்கிழமை பூதக்கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டும் செவ்வரளி மாலையும் ஏறியிருந்தன. பதறிப்போன மர்சூக் கத்தப் பார்த்தார். நாலு நாள் பேச்சில் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"கத்திய... தண்ணியில... முக்குங்க," என்று கரகரத்தார். அதற்குமேல் காற்றுத்தான் வந்தது.

"இவ்வளவுதானுங்களா?" என்றார் இராமையா.

வெள்ளிக்கிழமை ஆராய்ச்சித் துரை வந்தார். முப்பது பேர் இடுப்பிலும் டப்பா. மரத்துக்கு மரம் முக்கினார்கள், வெட்டினார்கள். துரை அசந்துபோனார்.

"மூன்று வருட வேலையை ஐந்தே நாளில் புரியவைத்துவிட்டீரே! இன்றுமுதல் நீர்தான் தலைவர்," என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மர்சூக்குக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தீங்களா மூக்காயி, எடுத்துச் சொன்னா எல்லாருக்கும் வெளங்கும்!"

மூக்காயி கத்தியை முக்கியபடியே சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா, சீக்கு மரத்த வெட்டுன கத்தி நல்ல மரத்தையும் கெடுக்குதுன்னு பாத்து, ஆஸ்பத்திரி மருந்துத் தண்ணியில ரெண்டு வருசமா முக்கிக்கிட்டுத்தாங்க இருந்தோம், நீங்க அவ்வளவு நேரம் பேசவும், இது வேற என்னமோ பெரிய சமாச்சாரம்னு பயந்துபோய்த்தான் நிப்பாட்டிட்டோம்!"